‘அந்த நேரம் பக்கத்தில ஆர் இருந்தது?’ – வன்னியில் சிறுவயதுத் துயரை ஆய்வு செய்ய அனுமதி கொடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆய்வு ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், ஆய்வு மாணவர்களின் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

2000ஆம் ஆண்டு பிறந்து ஒன்பது வயதில், 2009 மேயில் போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த பிள்ளைகள் இன்று வளர்ந்த ஆட்கள். பலர் தாய் தகப்பனாகிவிட்டார்கள். அதனால் வன்னி இப்போது ஆய்வாளர்களுக்கு ஏற்ற வயதுக்கு வந்திருக்கிறது. ‘சிறுவயதுப் பாதகமான அனுபவங்கள், உணர்ச்சி ஒழுங்குமுறை, மீள்திறன்’ என்ற மூன்று சொல்லும் சேர்ந்த தலைப்போடு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வினாக்கொத்துகள் வருகின்றன. அவற்றுக்கு அனுமதி கொடுப்பவர்கள் நீங்கள். அவற்றை வீடு வீடாகக் கொண்டு திரிபவர்களும், கேட்டு முடித்தபின் அந்த வீட்டில் மிஞ்சுவதைப் பார்ப்பவர்களும் நாங்கள்: களத்தில் தரவு எடுப்பவர்கள், உளவளத்துணையாளர்கள், கிராமங்களில் உளசமூக வேலை செய்பவர்கள். ஆய்வே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது எதைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், எதைப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பத்துக் கேள்வி. சிறுவயதுப் பாதகமான அனுபவங்களை எண்ணும், ‘ஏஸ்’ (ACE) என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லப்படும் பட்டியல் 1998இல் வின்சென்ற் ஃபெலிட்டி, றொபேட் அண்டா ஆகியோர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தின் உறுப்பினர்கள் 9,508 பேர் தபாலில் வந்த வினாக்கொத்தை நிரப்பி அனுப்பினார்கள். அப்போது ஏழு வகை, பின்னர் பத்து. அடி, வசவு, பாலியல் துன்புறுத்தல், கவனிப்பின்மை, குடிகார வீடு, பெற்றோர் பிரிவு, வீட்டில் ஒருவர் சிறையில் இருந்தது என்று அது போகும். குண்டு போட்ட கிபிர் விமானம் அதில் இல்லை, பதுங்கிய பங்கர் இல்லை, தறப்பாளுக்குக் கீழ் மூன்று மழைக்காலம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பின்னர் சர்வதேசப் பாவனைக்கென்று தயாரித்த வினாக்கொத்து கூட்டு வன்முறையைச் சேர்த்துக்கொண்டது. வன்னிக்கு அது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 1990க்கும் 2005க்கும் இடையில் பிறந்து கடைசிவரை உள்ளே நின்றவர்களிடம் ‘போரால் இடம்பெயர்ந்தீர்களா’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். எல்லோரும் ஆம் என்கிற கேள்வி ஆளை ஆளிடமிருந்து வேறுபடுத்தாது. கணக்கில் அது ஒரு மாறிலி. அதை வைத்து ‘போர் அனுபவத்துக்கும் இன்றைய மனநிலைக்கும் தொடர்பில்லை’ என்று முடிவெழுதுவது அளவுகோலின் பிழையை மக்களின் தலையில் கட்டுவது.

கேட்க வேண்டியது அளவையும் ஆளையும். எத்தனை தரம் இடம்பெயர்ந்தார்கள், கடைசி ஆறு மாதத்தில் எத்தனை தரம், அம்மாவை விட்டுப் பிரிந்திருந்த ஆகக் கூடிய நாட்கள் எத்தனை, பள்ளிக்கூடம் எத்தனை மாதம் தவறியது, பிறகு எந்த வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஆர் இருந்தது. எங்கள் கைக்கு வரும் வினாக்கொத்துகளில் பெரும்பாலும் இல்லாத கேள்வி இதுதான். பதிலில் ஆகக் கூடிய விளக்கம் தரும் கேள்வியும் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

‘பெற்றோர் பிரிந்தார்களா’ என்ற வரியை வன்னியில் அப்படியே கேட்க ஏலாது. தகப்பன் வீட்டில் இல்லாததற்கு இங்கே குறைந்தது ஆறு காரணம் இருக்கும்: செல்லடியில் செத்தது, காணாமல் ஆக்கப்பட்டது, தடுப்புக்காவலில் இருந்து பிந்தி வந்தது, வெளிநாடு, வேறு குடும்பம், நோய். இவை ஒரே பெட்டிக்குள் விழுந்தால் தரவு குப்பை. அதிலும் காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டைத் தனிக் குறியீட்டில் வைக்க வேண்டும். அந்தியேட்டி செய்யாத, பொட்டு வைப்பதா விடுவதா என்று தாய் இன்னும் முடிவெடுக்காத வீட்டில் பிள்ளை வளர்ந்த விதமும், ஆண்டுத் திவசம் கொடுக்கும் வீட்டில் வளர்ந்த விதமும் ஒன்றல்ல. உளவியலில் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டுப் பிரித்துக் காட்டினார். அங்கே ‘அப்பா இறந்தபோது உங்கள் வயது என்ன’ என்று கேட்டுவிட்டால் அத்தோடு பேட்டி முடிந்தது. சில வீடுகளில் படலையும் மூடிவிடும். ‘வீட்டில் யாராவது சிறையில்’ என்ற கேள்வி இன்னும் மோசம். இங்கே அது புனர்வாழ்வையும் தடுப்பையும் இயக்கத்தையும் (விடுதலைப் புலிகளையும்) பற்றிய கேள்வியாகத்தான் காதில் விழும். அதை எடுத்துவிட்டு ‘அம்மாவையோ அப்பாவையோ மூன்று மாதத்துக்கு மேல் பிரிந்திருந்தீர்களா’ என்று வையுங்கள். காரணத்தைக் கேட்க வேண்டாம்.

அந்தப் பத்துக் கேள்வியில் ஆம் என்றவற்றைக் கூட்டிய புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு அல்லது அதற்கு மேல் எடுத்தவர் ‘ஆபத்தில் உள்ளவர்’ என்று முத்திரை குத்தும் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புங்கள். இந்தப் புள்ளி தனி ஆளைத் தரம் பிரிக்கவோ நோய் நிர்ணயம் செய்யவோ அல்ல என்று அந்தப் பட்டியலை உருவாக்கியவர்களில் ஒருவரான அண்டாவே 2020இல் எழுதிவிட்டார். ஒரு கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்துவது கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் பொருந்தாது. ஒரே புள்ளி எடுத்த இருவரில் ஒருவர் ஆறு வயதில் அம்மம்மாவின் மடியில் இருந்தவராகவும் மற்றவர் பதினைந்து வயதில் தனியே ஒளித்துத் திரிந்தவராகவும் இருக்கலாம்.

ஞாபகம் அடுத்த சிக்கல். சிறுவயதிலேயே பதிவான கொடுமையையும் வளர்ந்த பின் அதே ஆட்கள் தாங்களாகச் சொன்னதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியிட்டார்கள். இரண்டு பட்டியலிலும் இருந்தவர்கள் குறைவு. பாதிக்கு மேல் ஒத்துப்போகவில்லை. பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. இன்றைய மனம் நேற்றையதைத் தெரிந்தெடுக்கிறது. ஆகவே திகதி கேட்காதீர்கள், நாட்காட்டி வரையுங்கள். செய்யும் விதம் இது: ஏ4 தாளைக் கிடையாக வைத்து மூன்று வரி போடுங்கள். மேல் வரியில் எல்லோருக்கும் தெரிந்தவை: 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது, 2002 ஏப்ரலில் ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) பாதை திறந்தது, 2004 டிசெம்பர் 26 கடல் வந்தது, 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியது, 2009 ஜனவரி தொடங்கி மேயில் போர் முடிந்தது வரை, 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் மூடியது. நடு வரியில் ஆளின் சொந்த அடையாளங்கள்: எந்த ஆண்டு முதலாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதனை எங்கே எழுதியது அல்லது எழுதாமல் விட்டது, தம்பி பிறந்தது, சாமத்தியச் சடங்கு. இவை இரண்டும் நிரம்பிய பிறகுதான் கீழ் வரி: எங்கே இருந்தது, ஆரோடு இருந்தது. ‘என்ன நடந்தது’ என்று கேட்க அவசரப்படாதீர்கள். இடமும் ஆளும் வரிசைக்கு வந்தால் நடந்தது தானாக அதனதன் இடத்தில் வந்து உட்காரும். வராவிட்டால் கிளறவும் தேவையில்லை. பழகிய கைக்கு இந்த நாட்காட்டி இருபது நிமிட வேலை. பழகாதவருக்கு ஐம்பது நிமிடம் போகும், அதனால் பயிற்சியில் ஆளுக்கு ஐந்து நாட்காட்டியாவது நிரப்பிப் பார்க்கவிடுங்கள்.

இனி மொழி. இதில்தான் ஆகக் கூடிய பிழை நடக்கிறது, ஆகக் குறைந்த கவனமும் இதில்தான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர், இரண்டு ஆங்கிலமும் ஒத்துவந்தால் ‘மொழிபெயர்ப்பு உறுதிப்படுத்தப்பட்டது’ என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். இரண்டு பட்டதாரிகள் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு மட்டும்தான் அது சான்று. விசுவமடுவில் ஒரு தாய்க்கு விளங்குமா என்பது வேறு கேள்வி. ‘உணர்வுகள் மரத்துப்போதல்’ என்று வாசித்தால் கால் விறைக்கிறதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, நீரிழிவு உள்ளவர்கள் ஆம் என்பார்கள். ‘எப்போதும் விழிப்புடன் இருக்கிறேன்’ என்பது உங்கள் கணக்கில் நோய்க்குறி. இங்கே அது கெட்டித்தனம். ‘மனச்சோர்வு’ என்றால் களைப்பு. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதினால் ஆண்கள் சிரிப்பார்கள், ஏனென்று பத்திரிகை விளம்பரம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ‘உணர்ச்சிகளை வெளிக்காட்டாமல் கட்டுப்படுத்துகிறேன்’ என்ற வரி பலரும் பாவிக்கும் பத்து வரி வினாக்கொத்தில் உணர்ச்சியை அமுக்குவதை அளக்கிறது. மூத்த மகளாகப் பிறந்து தாயில்லாத வீட்டை நடத்தியவளுக்கு அது பொறுமை, பெருமையோடு ஆம் என்று சொல்லும் குணம். இந்தியாவில் மொழிபெயர்த்த வினாக்கொத்தை அப்படியே கொண்டு வருவதும் உண்டு. அதில் வரும் பேச்சு வழக்கு எங்கள் ஆட்களுக்குப் படத்தில் கேட்ட தமிழ்.

எங்கள் ஆட்களிடம் இதற்கெல்லாம் சொல் இல்லாமல் இல்லை. ‘பதகளிப்பு’ என்றால் நெஞ்சும் கையும் காலும் சேர்ந்து நிலைகொள்ளாமல் தவிப்பது. ‘அந்தரம்’ வேறு, ‘ஏக்கம்’ வேறு. சத்தம் கேட்டு ஒரு பிள்ளை ‘ஏங்கிப் போனான்’ என்றால் அன்றிலிருந்து சாப்பாடும் நித்திரையும் பேச்சும் மாறிவிட்டது என்று பொருள். ஆசைப்படுவதோடு அதற்குத் தொடர்பில்லை. ‘யோசினை’ என்பது சும்மா சிந்தனையில்லை, ஒரே விடயம் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்து தலையிடியில் முடிவது. ‘ஒண்டிலயும் மனம் ஒட்டேல்ல’ என்ற ஒரு வசனம் உங்கள் மூன்று வரிக்குச் சமம். உணர்ச்சியின் கோலத்தை ஆய்வு செய்ய வருபவர் இந்தச் சொற்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். வழி புதியதில்லை. காயத்திரி பெர்னாண்டோ 2008இலேயே இலங்கை மக்களின் சொந்தக் கதைகளிலிருந்து ஓர் உளசமூக அளவுகோலை உருவாக்கிக் காட்டினார். தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடு பற்றி 2010இல் எழுதியபோது தனி ஆளின் நோய்க்குறிப் பட்டியல் போதாது, குடும்பமும் ஊரும் உடைந்த விதத்தைப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். இருபத்தைந்து முப்பது பேரிடம் ஒரேயொரு கேள்வி: ‘அந்தக் காலத்துக்குள்ளால வந்த பிள்ளையள் இப்ப எப்பிடி இருக்கினம்?’ சொல்லும் சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். நல்லாயிருக்கிறவர்களைப் பற்றியும் அதே கேள்வி, ஏனென்றால் மீள்திறனுக்கான சொல்லும் அங்கேதான் கிடக்கிறது. (‘மீள்திறன்’ என்ற சொல்லே இங்கே மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம் என்ற வரிசையில் போய் நின்றுவிடுகிறது, ஏதோ வீட்டுத்திட்டம் என்று நினைப்பவர்களும் உண்டு.) அந்தச் சொற்களால் வரிகளை எழுதி எட்டுப் பத்துப் பேரிடம் வாசித்து ‘இந்தக் கேள்வியை உங்கட சொல்லில சொல்லுங்கோ’ என்று கேளுங்கள். விளங்காத வரியைத் திருத்தி வேறு எட்டுப் பத்துப் பேரிடம் இரண்டாம் சுற்று. பிறகு நாற்பது ஐம்பது பேரிடம் முன்னோட்டம், அவர்களில் முப்பது பேரிடம் இரண்டு கிழமை கழித்து மறுபடி. ‘ஒருபோதும் இல்லை, அரிதாக, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்’ என்ற ஐந்துபடி விடை வாயால் கேட்கும்போது ஆம் இல்லை என்று இரண்டாகச் சுருங்கிவிடும். ‘போன கிழமை எத்தினை நாள்?’ என்று கேளுங்கள், அல்லது தண்ணீர் அளவு வேறுபடும் ஐந்து கிளாசின் படத்தைக் காட்டுங்கள். இதற்கெல்லாம் மூன்று மாதம் தேவை. காலஅட்டவணையில் இந்த மூன்று மாதம் இல்லாத விண்ணப்பம் இன்னும் விண்ணப்பமாகவில்லை.

மீள்திறனுக்கு வருவோம். இருபத்தைந்து வரி அளவுகோல் ஒன்றில் நூற்றுக்கு எண்பது எடுத்தவர் மீண்டவர் என்று எழுதுகிறார்கள். விடியப் பிரயாணம் செய்து வேலைக்குப் போய், தங்கச்சியைப் படிப்பித்து, ஒரு நாளும் அழாத ஆள் அதில் எண்பது எடுப்பார். அதே ஆள் காஸ்ரிக், தலையிடி, நெஞ்சுநோ என்று மாதம் இரண்டு தரம் வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்பார். அங்கே எழுதும் துண்டும் உங்கள் தரவும் ஒருநாளும் சந்திப்பதில்லை. அதனால் செயற்பாடு, உணர்வு, உடம்பு மூன்றையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். மூன்றையும் கூட்டி ஒரு புள்ளியாக்க வேண்டாம். ஒன்றில் நிமிர்ந்தவர் மற்றதில் சரிந்திருப்பதைத்தான் உணர்ச்சிக் கோலம் என்று சொல்ல வேண்டும், அது ஒற்றைப் புள்ளியில் அழிந்துபோகும்.

ஒரே நாளில் எடுத்த படமும் போதாது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்ணரும் கூட்டாளிகளும் நாற்பது வயதுவரை தொடர்ந்தார்கள். வறுமையும் குடியும் நோயும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பதின்ம வயதில் வழிதவறியவர்களிலும் பலர் முப்பதுகளில் நிமிர்ந்துவிட்டார்கள் என்ற மற்றப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பதினெட்டில் அளந்திருந்தால் அவர்கள் ‘மீளாதவர்கள்’. நிமிர்ந்தவர்களிடம் பொதுவாக இருந்தது, பெற்றோரோ பாட்டியோ வாத்தியாரோ, கைவிடாமல் நின்ற ஒரு பெரிய ஆள்.

எங்கள் பக்கத்துத் தரவும் அதையே சொல்கிறது. வடகிழக்குத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிளோடியா கற்றானி குழுவினர் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் போரோடும் கடல்கோளோடும் வீட்டுக்குள் நடந்த அடியும் தகப்பனின் குடியும் பிள்ளையைத் தாக்கியது தெரிந்தது. 2015இல் வெளிவந்த இன்னொரு வட இலங்கை ஆய்வில், பெற்றோரின் கவனிப்பு நிறைய இருந்த இடத்தில் பெரிய கொடுமைகளைக் கண்ட பிள்ளைகளும் உள்ளுக்குள் ஒடுங்கிப்போவது குறைந்திருந்தது. காயத்திரி பெர்னாண்டோவும் கென்னத் மில்லரும் டேல் பேர்கரும் 2010இல் இலங்கை இளையோரைப் பற்றி எழுதியது அன்றாடக் கரைச்சல்களின் பாரம் பற்றி. வன்னியில் அந்தப் பாரத்துக்குப் பெயர் சொல்லலாம்: கிழமைக் கட்டுக்காசு (கடன் தவணை), காணி உறுதி, தண்ணி, வேலை. ஆய்வு ‘அப்போது என்ன நடந்தது’ என்பதை மட்டும் அளந்து, இப்போது நடப்பதை அளக்காமல் விட்டால் எல்லாப் பழியும் பழைய காலத்தின் மேல் விழும். இன்று யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்றாகிவிடும். ‘வன்னி மக்கள் இயல்பிலேயே மீள்திறன் கொண்டவர்கள்’ என்ற புகழ்ச்சி வசனம் அறிக்கையின் முடிவுரையில் வந்தால் எங்களுக்குப் பயம் பிடிக்கும். ஒரு சேவையை நிறுத்த அந்த வசனம் போதும்.

நல்லெண்ணமும் தீங்கு செய்யும். வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடம் பதினைந்து அமர்வு உளநலத் திட்டம் ஒன்றை எழுந்தமானமாகப் பிரித்துச் சோதித்து வீற்ஸ டொல் குழுவினர் 2012இல் வெளியிட்டார்கள். சில பிள்ளைகளுக்குச் சில விடயங்களில் நன்மை இருந்தது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் மனவடுக் குறிகள், சேராமல் காத்திருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு குறையவில்லை. அதை மறைக்காமல் எழுதினார்கள். உங்களிடம் வரும் தலையீட்டு ஆய்வுகளிலும் ஆண் பெண் வேறாகப் பார்ப்பதும் தீங்கைத் தேடி அளப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட்கும் இடமும் நேரமும். வைகாசி முழுக்க வேண்டாம். மே 18ஐ ஒட்டிய நாட்களில் எடுக்கும் தரவு அந்தக் கிழமையின் மனத்தைத்தான் அளக்கும்; வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் அந்தப் பக்கத்திலேயே வரும், வீட்டில் ஆள் இருக்காது. மாவீரர் நாள் வரும் கார்த்திகைக் கடைசியும் வேண்டாம். காலபோக அறுவடை நடக்கும் மாசி பங்குனியில் வயற்காரர்களைத் தேடிப் பயனில்லை. கட்டுக்காசு சேர்க்க வரும் நாள் எதுவென்று கேட்டு அதைத் தவிருங்கள். அந்தக் காலையில் எல்லோருக்கும் பதகளிப்புப் புள்ளி கூடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் நல்லது. விறாந்தையில் மாமி கேட்டுக்கொண்டிருப்பார். முற்றத்து மாமரத்தடி சிறந்தது, ஆள் தெரியும், கதை கேட்காது.

கிராம அலுவலரோடு போகாதீர்கள். அவர் வந்தால் பயனாளிப் பட்டியல் என்றுதான் பொருள். நிவாரணம் வரும் என்ற எதிர்பார்ப்பில் துயரம் கூடும், அல்லது அரசாங்கத்துக்குப் போகும் என்று பயந்து குறையும். இரண்டும் பிழைதான், எந்தப் பக்கம் எவ்வளவு பிழை என்று பிறகு கண்டுபிடிக்கவும் ஏலாது. அவர் தெரிந்து தரும் வீடுகளும் எப்போதும் கூப்பிடப்படும் அதே வீடுகள். அறிவித்துவிட்டு, வீடுகளை நீங்களே இலக்கமிட்டு எழுந்தமானமாகத் தெரியுங்கள். உங்கள் வாகனம் போன பின் அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்து ‘ஆர் வந்தது, என்ன கேட்டது’ என்று விசாரிப்பது வன்னிக்குப் புதிதில்லை. அப்போது அந்த ஆள் சொல்லக்கூடிய உண்மையான, ஆபத்தில்லாத ஒரு வசனத்தை நீங்களே முன்கூட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: ‘சுகாதாரம் பற்றிப் பல்கலைக்கழகத்தால கேட்டவை.’ கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் பிரதியை வீட்டில் விட வேண்டுமென்று உங்கள் விதி சொல்கிறது. அந்தத் தாளே சிலருக்குக் கரைச்சல். வாய்மொழி ஒப்புதலைச் சாட்சியோடு பதிந்து, தொலைபேசி இலக்கம் மட்டும் உள்ள சின்ன அட்டையைக் கொடுக்க இடம் கொடுங்கள்.

கேள்விகளின் ஒழுங்கும் முக்கியம். இன்றைய நாளில் தொடங்கி, பலமான பக்கத்தைக் கேட்டு, பிறகு பழையதுக்குப் போய், திரும்ப இன்றைக்கு வந்து முடிக்க வேண்டும். மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்குள். கடினமான பகுதி பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதில் ஆம் இல்லை போதும். விபரம் கேட்பது ஆய்வுக்கும் உதவாது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைத்தால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. பார்வை ஒரு இடத்தில் நிலைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், அல்லது மூச்சு மேலெழுந்து கை குளிர்ந்தால், கேள்வியை நிறுத்துங்கள். பாதம் இரண்டையும் நிலத்தில் ஊன்றச் சொல்லுங்கள். முற்றத்தில் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். தொடாதீர்கள், ‘அழாதேங்கோ’ என்றும் சொல்லாதீர்கள். அன்றைக்கு அந்தப் பேட்டி முடிந்தது.

ஒன்பது வரி மனச்சோர்வு வினாக்கொத்தின் கடைசி வரி சாவைப் பற்றியது. அதற்குப் பூச்சியம் தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்றே செய்ய வேண்டியதை எழுதி இணைக்காத விண்ணப்பத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாரா, வீட்டில் வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் இருக்கிறதா, அதை இன்றைக்கு ஆர் எடுத்துப் பூட்டுவது, இரவு பக்கத்தில் ஆர் படுப்பது என்று கேட்க வேண்டும். அன்றே மாவட்டப் பொது வைத்தியசாலை மனநலப் பிரிவின் வைத்திய அதிகாரிக்கு அழைப்பு. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தைக் கொடுக்கலாம், ஆனால் அதைக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. கணக்குப் பாருங்கள்: 400 பேரைக் கேட்டு நூற்றுக்கு ஐந்து பேருக்கு உதவி தேவைப்பட்டால் இருபது பேர். ஆளுக்கு ஐந்து தரம் என்றால் நூறு சந்திப்பு. ஏற்கெனவே நிரம்பி வழியும் கிளினிக்கில் இந்த நூறையும் ஆர் பார்ப்பது? மனநலப் பிரிவோடு எழுத்தில் ஒப்பந்தம், நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பஸ் காசு, ஆறு மாதத்துக்கு ஒரு பகுதிநேர உளவளத்துணையாளரின் சம்பளம் ஆகிய மூன்றும் வரவுசெலவில் இருக்க வேண்டும். தரவு பதிய ரப் (கைக்கணினி) வாங்கக் காசிருந்தால் இதற்கும் இருக்கும்.

தரவைப் பற்றிச் சுருக்கமாக. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கிராமம், பிறந்த ஆண்டு, காயத்தின் வகை இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன ஊரில் அது ஒரேயொரு ஆள். மாவட்டமும் ஐந்து வருட வயதுக் கூறும் போதும். குரல் பதிவை எழுதி முடித்ததும் அழிக்க வேண்டும். தொடர் ஆய்வுக்கு வட்ஸப்பில் கேள்வி அனுப்பாதீர்கள், ஒரு போனை நாலு பேர் பார்க்கும் வீடுகள் பல. சிம் மாறும், ஆளும் கட்டுநாயக்காவுக்கோ கட்டாருக்கோ போய்விடுவார். தொடர்புக்கு மூன்று இலக்கம் வாங்குங்கள். கடைசியில் 300 பேர் தேவையென்றால் 400 பேரோடு தொடங்குங்கள். போய்விட்டவர்கள் யார், எந்தக் கோலத்தில் இருந்தவர்கள் என்பதையும் எழுதுங்கள். பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் பாதுகாவலரின் ஒப்புதலோடு பிள்ளையின் சொந்தச் சம்மதமும் வேண்டும். சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வாசலுக்கே போகக் கூடாது.

உங்கள் படிவங்களில் எங்கும் இடமில்லாத ஒரு கூட்டம் உண்டு. தரவு எடுக்கும் பெடியள் பெட்டையளும், குரல் பதிவை எழுத்தாக்குபவர்களும் அதே வயதினர், அதே பாலத்தைக் கடந்தவர்கள். நாளுக்கு மூன்று பேட்டிக்கு மேல் கொடுக்காதீர்கள். பதிவை எழுதுபவருக்கு நாளுக்கு ஒன்றரை மணித்தியால ஒலிக்கு மேல் வேண்டாம், அதுவே எட்டு மணித்தியால வேலை. கிழமைக்கு ஒருமுறை ஆய்வுக்கு வெளியிலுள்ள ஓர் உளவளத்துணையாளரோடு இருந்து கதைக்கும் நேரம் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும். ‘இந்த ஊருக்கு நான் போகேல்ல’ என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றிவிடுங்கள். சொற்களைத் தேடித் தந்தவர்களின் பெயர் கட்டுரையில் நன்றியுரைக்கு மேலே வர வேண்டும்.

பிரசுரத்துக்கு முன் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடு அந்த ஊர்களுக்குத் திரும்ப வந்து வாசித்துக் காட்டும் திகதியையும் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். ஆட்கள் அங்கே சொல்லும் மறுப்பையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும் விண்ணப்பங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். நாட்காட்டித் தாளின் மாதிரியும், இதுவரை சேர்த்த சொற்பட்டியலும் எங்களிடம் இருக்கின்றன. கேட்கும் குழுவுக்குத் தருவோம்.

இப்படிக்கு,
வன்னியில் களத்தரவு எடுப்போரும் உளசமூகப் பணியாளரும்